கோதுமைக்குத் தொழு உரமும் யூரியாவும்: எதை, எப்போது, எவ்வளவு

கோதுமைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "இயற்கை உரம் பாதி, ரசாயன உரம் பாதி போட்டால் போதுமா?" பாதிக்குப் பாதி என்று கணக்குப் போட்டுத்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். தொழு உரம் செய்கிற வேலையை யூரியா செய்யாது. யூரியா செய்கிற வேலையைத் தொழு உரத்தால் அந்த வேகத்தில் செய்ய முடியாது. இரண்டையும் சேர்க்க வேண்டும் என்றால் முதலில் நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடை போடுவது அப்புறம்.

தமிழ்நாட்டில் கோதுமை பயிரிட நினைப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். பஞ்சாப், ஹரியானா மாதிரி இங்கே பரந்த கோதுமைப் பரப்பு இல்லை. ஆனாலும் நீலகிரி, பழனி மலைப் பகுதிகளில் சம்பா கோதுமை பழைய பயிர். வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை நிலையம் இருக்கிறது. சமவெளியின் வெப்பத்தைத் தாங்கி ஏறக்குறைய 90 நாளில் அறுவடைக்கு வரும் ரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வெளியிட்டிருக்கிறது. கோவை, ஈரோடு, திண்டுக்கல், தேனி, சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலமும் கிணறும் உள்ளவர்கள் ஒரு ஏக்கரில் முயன்று பார்க்கலாம்.

ஏன் இரண்டும் வேண்டும்

இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843-இல் ஒரு கோதுமை வயலைப் பாத்திகளாகப் பிரித்தார்கள். ஒன்றில் ஆண்டுதோறும் எக்டேருக்கு 35 டன் தொழு உரம், மற்றவற்றில் வெவ்வேறு அளவில் ரசாயன உரம், ஒரு பாத்திக்கு எதுவுமே கிடையாது. அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. தொழு உரப் பாத்தியும், சத்து முழுவதையும் ரசாயனமாகக் கொடுத்த பாத்தியும் வெகுகாலம் ஏறக்குறைய சமமாகவே விளைந்தன. அதிகச் சத்தைத் தாங்கி நிற்கும் குட்டை ரகங்கள் வந்த பிறகு, தொழு உரத்தோடு தழைச்சத்து (நைட்ரஜன்) உரமும் சேர்த்துக் கொடுத்த பாத்தி இரண்டையும் முந்தியது.

நம் நாட்டிலும் 1970 வாக்கில் பல ஊர்களில் நீண்டகால உரச் சோதனைகள் தொடங்கின. ராஞ்சி, பாலம்பூர் போன்ற அமில மண் உள்ள இடங்களில் கிடைத்த பாடத்தை நான் எல்லாரிடமும் சொல்வதுண்டு. தழைச்சத்து உரத்தை மட்டும் வருடக்கணக்கில் போட்ட பாத்திகளில் மண் மேலும் அமிலமாகி விளைச்சல் விழுந்துவிட்டது. பாலம்பூரில் அந்தப் பாத்தியில் ஒன்றுமே விளையாத நிலை வந்தது. பக்கத்திலேயே தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) என மூன்று சத்துகளோடு தொழு உரமும் போட்ட பாத்தி தொடர்ந்து நன்றாக விளைந்தது. மண் அதே மண், மழையும் அதே மழை. கோவையில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயலும் இந்த வழியில் அமைந்ததுதான். ஆக, இது ஏதோ புதிதாகக் கிளம்பிய பேச்சு என்று எண்ண வேண்டாம்.

தொழு உரம் மட்டும் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு டன் கோதுமை மணியும் அதற்கான வைக்கோலும் விளைய மண்ணிலிருந்து சுமார் 25 கிலோ தழைச்சத்து போகிறது. சராசரித் தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு, அதாவது டன்னுக்கு 5 கிலோ. 5 டன் போட்டால் 25 கிலோ வந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் அந்தச் சத்து நுண்ணுயிர்கள் தின்று செரித்து வெளிவிட்ட பிறகுதான் பயிருக்குக் கிடைக்கும். 90 நாள் பயிருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்லது. பாக்கி அடுத்த பயிருக்கும் அதற்கடுத்த பயிருக்கும் போகும். தொழு உரத்தை மட்டும் வைத்து ஒரே பருவத்தில் அத்தனை தழைச்சத்தையும் கொடுக்க வேண்டுமானால் ஏக்கருக்குப் பதினைந்து டன்னாவது வேண்டும். அவ்வளவு மாடு யாரிடம் இருக்கிறது?

கோதுமைக்கு இன்னொரு அவசரமும் உண்டு. விதைத்த 15 முதல் 25 நாளுக்குள், மண்ணுக்குச் சற்றுக் கீழே தண்டின் அடியில் மகுட வேர்கள் கிளம்பும். அடியிலிருந்து வெடிக்கும் பக்கத் தண்டுகளான தூர்களும் அப்போதுதான் புறப்படும். நம் சமவெளியில் வெப்பம் கூடுதல் என்பதால் இது 15–20 நாளிலேயே வந்துவிடும். அந்த வாரத்தில் தண்ணீரும் தழைச்சத்தும் கிடைக்காத பயிருக்கு அப்புறம் எவ்வளவு கொட்டினாலும் தூர் எண்ணிக்கை கூடாது. தொழு உரத்திடம் "இந்த வாரம் கொடு" என்று கேட்க முடியாது. யூரியாவிடம் கேட்கலாம்.

ஜூலை, ஆகஸ்ட்: மண்ணைச் சோதியுங்கள்

விதைப்பு அக்டோபர் 15-க்கு மேல், நவம்பர் முதல் வாரத்துக்குள். அதனால் மண் மாதிரியை ஜூலை அல்லது ஆகஸ்டிலேயே எடுத்துவிடுங்கள். மேலே கிடக்கும் சருகை விலக்கி, ஆங்கில 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழக் குழி வெட்டி, குழியின் பக்கச்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் கனத்துக்கு மண்ணைச் செதுக்குங்கள். ஏக்கரில் பத்துப் பதினைந்து இடத்தில் இப்படி எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பாகங்களைத் தள்ளி, அரை கிலோவுக்குக் குறைத்து நிழலில் உலர்த்துங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குழி இருந்த இடம் வேண்டாம். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் மண்வள அட்டை கிடைக்கும்.

அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது கரிமச் சத்து. 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் உங்கள் மண் பசித்த மண். நம் செம்மண் நிலங்கள் பெரும்பாலும் அந்த வகைதான். அடுத்து கார அமில நிலை (pH). நீலகிரிப் பக்கம் 5, 5.5 என்று வந்தால் சுண்ணாம்பு இடாமல் எந்த உரமும் முழுப் பலன் தராது. கரிசலில் 8-க்கு மேல் வந்தால் மணிச்சத்தும் துத்தநாகமும் இரும்பும் மண்ணிலேயே மாட்டிக்கொள்ளும். இதை மனதில் வைத்தே மேற்கொண்டு படியுங்கள்.

நேரம் இருந்தால் பசுந்தாள்

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஈரமும் தண்ணீர் வசதியும் இருந்தால் பச்சையாகவே மடக்கி உழுது உரமாக்க ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்துவிடுங்கள். தண்ணீர் குறைவான மேட்டு நிலத்துக்குச் சணப்பை நல்லது. 45 நாளில், பூ எடுக்கும் தருணத்தில், மடக்கி உழ வேண்டும். பூ முடிந்து தண்டு நார் பிடித்துவிட்டால் மக்கத் தாமதமாகும். உழுத பிறகு கோதுமை விதைப்புக்கு முன் இரண்டு வாரமாவது இடைவெளி இருக்கட்டும்.

தொழு உரத்தைத் தயார் செய்வது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ரசாயன உரம் எங்கே வாங்கினாலும் மூட்டைமேல் அச்சிட்டதுதான் உள்ளே இருக்கும். தொழு உரமோ ஒவ்வொரு குப்பைமேட்டிலும் ஒவ்வொரு மாதிரி.

வெயிலில் பரந்து கிடக்கும் சாணக் குவியலில் தழைச்சத்து ஆவியாகிப் போகும். மழை வந்தால் பாக்கி கரைந்து ஓடும். குழியிலோ நிழலிலோ சேர்த்து, மாட்டு மூத்திரம் ஊறிய கூளத்தையும் அதிலேயே போட்டு, மேலே மண் பூசி மூடிய உரம்தான் உரம். மாட்டு மூத்திரத்தில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நிறைய. தொழுவத் தரையில் வைக்கோலையோ சருகையோ பரப்பி அதை ஊறவைத்துக் குழியில் சேர்க்கிறவரின் உரத்துக்கும், சாணியை மட்டும் அள்ளுகிறவரின் உரத்துக்கும் பயிரில் வித்தியாசம் தெரியும்.

விலைக்கு வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். மக்கிய உரம் கருத்து, உதிரியாக, மண்வாசனையோடு இருக்கும். சாண வாடை, உள்ளே சூடு, முழு வைக்கோல் துண்டு எது தெரிந்தாலும் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். பச்சை எரு கோதுமை வயலுக்குப் போனால் மூன்று தொல்லை. கரையானும் வேர்ப்புழுவும் வரும். களை விதை உயிரோடு வரும். மூன்றாவதுதான் பெரியது, கண்ணுக்குத் தெரியாதது. மக்காத வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து சொற்பம். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் பங்குத் தழைச்சத்தை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். இளம் கோதுமை வெளுத்துப்போய் நிற்கும். எரு போட்டும் பயிர் மஞ்சளாக இருக்கிறதே என்று சொல்பவர்களின் வயலில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். பஞ்சாபில் நெல் தாளை மண்ணில் மடக்கியவுடன் கோதுமை விதைக்கும் வயல்களிலும் இதே சிக்கல் வரும்.

அளவு ஏக்கருக்கு 5 டன். லோடு கணக்கை நம்பாதீர்கள். மழையில் நனைந்த லோடில் பாதி தண்ணீராக இருக்கும். தொழு உரம் அவ்வளவு கிடைக்கவில்லை என்றால் 2 டன் மண்புழு உரம் போதும். கோழி எருவில் சத்து நிறைய, டன்னுக்கு 30 கிலோ அளவுக்குத் தழைச்சத்து இருக்கும். அதே அளவு சூடும் உண்டு. நன்றாக மக்கவைத்த பிறகு ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேல் வேண்டாம். அதைப் போடுகிறவர்கள் விதைப்பு நேரத்து யூரியாவை விட்டுவிடலாம்.

அக்டோபர் முதல் வாரத்தில் கடைசி உழவுக்கு முன் உரத்தைக் கொண்டுவந்து பரப்பி, அன்றைக்கே உழுதுவிடுங்கள். வயல் முழுக்கச் சின்னச் சின்னக் குவியலாக இறக்கி வைத்து ஒரு வாரம் வெயிலில் காயவிடும் வழக்கம் பல ஊரில் இருக்கிறது. மெனக்கெட்டுச் சேர்த்த சத்தைக் காற்றுக்குக் கொடுப்பதற்குச் சமம் அது. குவியல் இருந்த இடத்தில் மட்டும் பயிர் கருகருவென்று வளர்ந்து சாய்வதும் இதனால்தான்.

மணிச்சத்தை மட்டும் முன்பே கலந்து வையுங்கள்

யூரியாவைத் தொழு உரக் குவியலில் கலந்து வைக்கக் கூடாது; தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துபோகும். மணிச்சத்து உரம் இதற்கு நேர்மாறு. சூப்பர் பாஸ்பேட்டை நேரடியாக மண்ணில் போட்டால், கரிசலில் சுண்ணாம்பும் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தொழு உரத்தோடு சேர்த்து ஊறவைத்தால் அந்தப் பிடிப்பு குறையும். ஊட்டமேற்றிய தொழு உரம் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

செய்முறை எளிது. செப்டம்பர் மூன்றாம் வாரத்தில், நன்கு மக்கித் தூளான தொழு உரம் 300 கிலோவும் ஏக்கருக்கு வேண்டிய சூப்பர் பாஸ்பேட் முழுவதும் எடுத்து நிழலில் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்குத் தண்ணீர் தெளித்து, கூம்பாகக் குவித்து, சாக்குப் போட்டு மூடி ஒரு மாதம் விடுங்கள். விதைப்பு நாளில் வரிசையில் இட்டுவிடலாம். மணிச்சத்து மண்ணில் நகராது. வேர் போகிற இடத்திலேயே அது இருந்தால்தான் பயன். அதனால் வீசுவதைவிட வரிசையில் இடுவதே நல்லது.

கணக்கு

தமிழ்நாட்டுப் பரிந்துரை எக்டேருக்கு 80 கிலோ தழைச்சத்து, 40 கிலோ மணிச்சத்து, 40 கிலோ சாம்பல்சத்து. ஏக்கருக்கு மாற்றினால் 32, 16, 16. தழைச்சத்தில் பாதி விதைப்பில் இடும் அடியுரம், பாதி பயிர் வளரும்போது இடும் மேலுரம். மற்ற இரண்டும் முழுவதும் அடியுரம்.

இதை மூட்டையாக மாற்றுவோம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. சூப்பர் பாஸ்பேட்டில் 16 சதவீதம் மணிச்சத்து. பொட்டாஷில் 60 சதவீதம் சாம்பல்சத்து. ஆக ஏக்கருக்கு சூப்பர் பாஸ்பேட் 100 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ, யூரியா விதைப்பில் 35 கிலோ, மேலுரமாக 35 கிலோ.

சூப்பர் பாஸ்பேட் கிடைக்காமல் டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) வாங்கினால் கணக்கு மாறும். அதில் 46 சதவீதம் மணிச்சத்தோடு 18 சதவீதம் தழைச்சத்தும் இருக்கிறது. 35 கிலோ டிஏபி 16 கிலோ மணிச்சத்தைக் கொடுக்கும்போதே 6 கிலோ தழைச்சத்தையும் கொடுத்துவிடும். அதனால் விதைப்பு யூரியா 21 கிலோ போதும். இதைக் கழிக்க மறந்து இரண்டையும் முழுசாகப் போடுவது புதியவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. என்னைக் கேட்டால் கோதுமைக்குச் சூப்பர் பாஸ்பேட்டே மேல். அதில் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வருகின்றன. மணியில் புரதம் சேரவும், மாவு பிசையும்போது இழுவை வரவும் கந்தகம் வேண்டும். டிஏபியில் அது கிடையாது.

சரி, தொழு உரம் போட்டதற்கு ரசாயன உரத்தில் எவ்வளவு குறைக்கலாம்? பஞ்சாபில் ஒரு டன் தொழு உரத்துக்கு 2 கிலோ தழைச்சத்தும் 1 கிலோ மணிச்சத்தும் கழிக்கும் கணக்கு உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கே அப்படியே கழித்துவிடாதீர்கள். அங்கே ரசாயன உரப் பரிந்துரையே பெரியது, ஏக்கருக்கு 50 கிலோ தழைச்சத்து. பருவமும் நீளம், ஐந்து மாதம் வரை போகும். எரு தன் சத்தை வெளிவிட அவகாசம் இருக்கிறது. நம் பரிந்துரையோ 5 டன் தொழு உரத்தையும் சேர்த்துச் சொன்னது. 32, 16, 16 என்பது அதற்கு மேலே போட வேண்டியது. முதல் ஆண்டில் கழித்தால் இரண்டு முறை கழித்த மாதிரி ஆகிவிடும்.

எப்போது குறைக்கலாம் என்றால், 5 டன்னுக்கு மேல் எரு போட்டிருந்தால் கூடுதலாகப் போட்ட பங்குக்கு மட்டும் மேலே சொன்ன கணக்கில் கழிக்கலாம். பசுந்தாள் நன்றாக வளர்ந்து மடக்கியிருந்தால் விதைப்பு யூரியாவைப் பாதியாக்கலாம். ஒரே நிலத்தில் மூன்று நான்கு ஆண்டு தொடர்ந்து எரு போட்டு, மண்வள அட்டையில் கரிமச் சத்து 0.75 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் தழைச்சத்தில் கால் பங்கு குறைத்துப் பாருங்கள். சாம்பல்சத்து அட்டையில் எக்டேருக்கு 280 கிலோவுக்கு மேல் காட்டினால் பொட்டாஷ் வாங்கும் காசை அந்தப் பருவத்துக்கு மிச்சம் பிடிக்கலாம். தொழு உரத்தில் இருக்கும் சாம்பல்சத்து பெரும்பாலும் அதே பருவத்தில் கரைந்து கிடைத்துவிடும்.

விதைக்கும் நாள்

விதை ஏக்கருக்கு 40 கிலோ, வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர், ஆழம் 4–5 சென்டிமீட்டர். குட்டை ரகங்களை இதைவிட ஆழமாக விதைத்தால் முளை மண்ணைக் கிழித்து மேலே வரத் திணறும்.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள் ஒவ்வொன்றிலும் ஏக்கருக்கு 4 பொட்டலம், அதாவது மொத்தம் 800 கிராம் எடுத்து, பத்துப் பதினைந்து கிலோ தொழு உரத்தில் கலந்து தூவலாம். இவை உயிருள்ளவை. யூரியா, டிஏபியோடு ஒரே கூடையில் கலந்தால் செத்துவிடும். பூஞ்சணக்கொல்லி கலந்த விதையில் நுண்ணுயிர் நேர்த்தி செய்வதானால் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். துத்தநாகம் குறைவு என்று அட்டை சொன்னால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து மேலாகத் தூவுங்கள். இதையும் டிஏபி, சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடும்.

ஊட்டமேற்றிய தொழு உரத்தை வரிசையில் இட்டு, பொட்டாஷையும் விதைப்புக்கான 35 கிலோ யூரியாவையும் பக்கத்தில் போட்டு மண்ணோடு கிளறி, அப்புறம் விதை. யூரியா விதையைத் தொட்டுக்கொண்டிருந்தால் முளைப்பு கெடும். விதைத்தவுடன் ஒரு தண்ணீர். வடகிழக்குப் பருவமழை கனமாகப் பெய்யும் என்று வானிலை சொன்னால் விதைப்பு யூரியாவை அன்றைக்குப் போடாமல் தள்ளிவைப்பது புத்திசாலித்தனம். அந்த மழையில் தழைச்சத்து வேருக்குக் கீழே இறங்கிவிடும். எரு போட்ட மண்ணில் கொஞ்சம் தங்கும், ஆனாலும் முழுசாக நிற்காது.

பதினைந்தாம் நாள் முதல் இருபதாம் நாள் வரை

இந்த ஒரு வாரம் ஊரை விட்டு எங்கும் போகாதீர்கள். கல்யாணம், கோயில் கொடை எதுவாக இருந்தாலும் வயலுக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும். ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். விதை இருந்த இடத்துக்கு மேலே, மண்ணை ஒட்டிய கணுவிலிருந்து வெள்ளையாகத் தடித்த வேர்கள் எட்டிப் பார்த்தால் நேரம் வந்துவிட்டது.

முதலில் களை. களையை விட்டுவிட்டு யூரியா வீசினால் அந்த உரத்தைக் களைதான் முதலில் சாப்பிடும். எரு போட்ட வயலில் களை சற்றுக் கூடுதலாகவே இருக்கும் என்பதால் இது இன்னும் முக்கியம். களை எடுத்த மறுநாள் 35 கிலோ யூரியாவைப் பனி காய்ந்த பிறகு வீசுங்கள். ஈர இலையில் யூரியா ஒட்டினால் நுனி கருகும். கரிசல் மாதிரிப் பிடிப்புள்ள மண்ணில் யூரியாவை வீசிவிட்டு இலேசாகத் தண்ணீர் கட்டலாம். மணற்பாங்கான மண்ணில் முதலில் தண்ணீர் கட்டி, கால் புதையாத பதம் வந்ததும் வீசுவது நல்லது. அப்படிப்பட்ட நிலத்தில் 35 கிலோவையும் ஒரே தடவையில் கொடுக்காமல் பாதியை 35-ஆம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

யூரியா விலை மலிவு. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. இந்த மலிவே ஆளை இழுக்கும், பயிர் பச்சையாகத் தெரியட்டும் என்று இன்னொரு மூட்டையைக் கை தேடும். வேண்டாம். தழைச்சத்து மிஞ்சினால் தண்டு மெலிந்து நீளும், கதிர் கனத்ததும் காற்றில் சாயும். இன்னொரு ஆபத்து துரு நோய். நீலகிரியிலும் பழனி மலையிலும் குளிர்ந்த தட்பவெப்பத்தால் ஆண்டு முழுவதும் கோதுமைத் துருப் பூஞ்சை உயிரோடு இருக்கும். அங்கிருந்துதான் அது காற்றில் கிளம்பி சமவெளிக் கோதுமைக்குப் பரவுகிறது என்று கே.சி. மேத்தா என்ற அறிவியலாளர் கண்டு சொன்னார். அந்த மலைகளின் அடிவாரத்தில் பயிர் செய்கிறவர்கள் நாம். அடர்ந்து செழித்த மென்மையான இலை துருவுக்கு விருந்து. 40 நாளுக்கு மேல் மண்ணில் யூரியா போடுவதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இலையைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

எல்லா மஞ்சளுக்கும் யூரியா மருந்தாகாது. அடி இலைகள் நுனியிலிருந்து உள்நோக்கி மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ யூரியா கரைத்து மாலையில் தெளித்தால் பயிர் சீக்கிரம் தேறும். மேலே உள்ள இளம் இலைகள் வெளுத்து அடி இலைகள் பச்சையாக இருந்தால் கந்தகமோ இரும்போ குறைந்திருக்கிறது. நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் கோடு கோடாகத் தெரிந்தால் இரும்பு, கரிசலில் இது சகஜம். இலை முழுக்க ஒரே சீராக வெளிறினால் கந்தகம். சூப்பர் பாஸ்பேட் போட்ட வயலில் அநேகமாக வராது.

தண்ணீர் தேங்கியும் மஞ்சளாகும். உரத்தைத் தேடும் முன் வாய்க்காலைப் பாருங்கள்.

மகுட வேர்ப் பருவத்துக்குப் பிறகு தூர் கட்டும்போது, கதிர் வெளிவரும் முன் பொதி தள்ளும்போது, பூக்கும்போது, மணியில் பால் பிடிக்கும்போது என மண்ணின் பிடிப்பைப் பொறுத்துத் தண்ணீர் கொடுங்கள். எரு நிறைந்த மண் ஈரத்தைச் சற்றுக் கூடுதல் நாள் வைத்துக்கொள்ளும். காலால் மண்ணைக் கிளறிப் பார்த்துத் தண்ணீர் கட்டுங்கள், தேதிக்காகக் கட்டாதீர்கள். கண்ணாடி இலை, அதாவது கதிருக்குக் கீழே வரும் கடைசி இலை, விரிந்த பிறகு 2 சதவீத யூரியாக் கரைசலை ஒரு தடவை தெளித்தால் மணியில் புரதம் சற்று உயரும். கட்டாயமில்லை.

அறுவடைக்குப் பிறகு

கோதுமை எடுத்த சாம்பல்சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது. வைக்கோலை மாட்டுக்குக் கொடுத்து எருவாக அதே வயலுக்குக் கொண்டுவந்தால் பொட்டாஷ் செலவு குறையும். விற்றுவிட்டால் அடுத்த பருவத்தில் பொட்டாஷைக் குறைக்க வேண்டாம். எரிப்பது மட்டும் கூடவே கூடாது. எரித்தால் தழைச்சத்தும் கந்தகமும் புகையாகப் போய்விடும்.

பிப்ரவரியில் காலியாகும் நிலத்தில் தண்ணீர் இருந்தால் பச்சைப்பயறோ உளுந்தோ போடுங்கள். எருவில் மிச்சமிருக்கும் சத்தை அது எடுத்துக்கொள்ளும், மண்ணுக்குக் கொஞ்சம் தழைச்சத்தையும் சேர்க்கும். பயறுக்குத் தனியாக எரு தேவைப்படாது.

ஒரு வேண்டுகோள். விதைக்கும்போதே வயலின் ஓரத்தில் சம அளவில் மூன்று பட்டைகளை ஒதுக்குங்கள். ஒவ்வொன்றும் ஒரு சென்ட் இருந்தால் போதும். ஒன்றில் தொழு உரம் மட்டும், ஒன்றில் ரசாயன உரம் மட்டும், ஒன்றில் இரண்டும். மூன்றையும் தனித்தனியாக அறுத்து, தனித்தனியாக அடித்து, மணியை எடை போட்டு நோட்டில் எழுதிவையுங்கள். பட்டைகளை வருடா வருடம் அதே இடத்தில் வையுங்கள். முதல் வருடம் ரசாயனப் பட்டை நன்றாகவே விளையும், அதைப் பார்த்து எருவை நிறுத்திவிட வேண்டாம். மூன்றாம் வருடம் மறுபடி மண் மாதிரி எடுக்கும்போது மூன்று பட்டைக்கும் தனித்தனி மாதிரி கொடுங்கள். அந்த மூன்று அட்டையையும் எடைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் நிலத்துக்கு யூரியா எத்தனை கிலோ என்பதை முடிவு செய்யலாம்.